ஆறாவது பெயர்

"கூப்பிட்டா குரல் வரும். தேடிப் போனா ஆள் இருக்காது. அது என்ன, சொல்லுங்க சார்?"

விடுகதை போட்டவள் கவியா. பத்து வயது. அறிவரசன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"எதிரொலி."

"பாதிதான் சார் சரி."

சொல்லிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

விக்கிரமங்கலம் பக்கத்துச் சிற்றூர் அது. சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு அப்படியே போட்டுப்போன பள்ளம் ஒன்று ஊரை ஒட்டி இருந்தது. பச்சைத் தண்ணீர். காற்றடித்தாலும் அசையாத மாதிரி தெரிந்தது.

அந்தப் பள்ளத்தைச் சுற்றி வேலி, ஓரமாகப் படி, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஒரு மாஸ்டர், தலைக்கொரு மிதவைச் சட்டை. இவ்வளவும் கேட்டு அரியலூர் அறக்கட்டளை ஒன்றுக்கு மனு போட்டிருந்தாள் மகளிர் குழுத் தலைவி சுகன்யா. அதைச் சரிபார்க்கத்தான் அறிவரசன் வந்திருந்தார்.

"பட்டியல்ல இருக்குற எல்லாப் புள்ளைங்களையும் நான் நேர்ல பார்த்தாவணும்" என்றார்.

"பார்த்துக்குங்க சார்" என்றாள் சுகன்யா.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் வரிசையில் ஒரு பொடியன்.

"தெரியாதுடா."

"அப்ப உங்க பேரையும் சேர்த்துக்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அறிவரசனுக்கும் சிரிப்பு வந்தது. சுகன்யா நோட்டைப் பிரித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"மகேஷ்."

"உள்ளேன்."

ஐந்து பேர் முடிந்தது.

"அபிநயா."

பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டென்று பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதுகுகள்தான் தெரிந்தன.

"உள்ளேன்."

மெல்லிய குரல். பிள்ளைகள் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"கவியா."

"உள்ளேன்!"

பட்டியல் முடிந்தது. இருபத்துநாலு உள்ளேன். அறிவரசன் தலைகளை எண்ணினார். இருபத்துமூன்று. இன்னொரு தடவை எண்ணினார். அதே இருபத்துமூன்று.

போன வருஷம் இப்படித்தான் ஒரு ஊரில் பொய்ப் பெயர்களை நம்பிக் கையெழுத்துப் போட்டு, ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"திரும்ப ஒருதடவை கூப்பிடுங்கம்மா."

இப்போது அவர் பள்ளத்தின் விளிம்பில் போய், தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றார். பிள்ளைகள் திரும்பினாலும் அவரைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும்.

"அபிநயா."

திரும்பினார்கள். ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"உள்ளேன்."

குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

வெயில் நேரம்தான். இருந்தாலும் கை ரோமம் சிலிர்த்துக்கொண்டது. விளிம்பை விட்டு நாலு எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"யாரு அபிநயா? வயசு என்ன?" குரலை உயர்த்தினார்.

"ஒம்பது சார்" என்றாள் கவியா.

"போன வருஷம் எத்தனை?"

"போன வருஷமும் ஒம்பதுதான் சார்."

அவருக்குப் புரிந்தது. கோபம்தான் முதலில் வந்தது.

"இல்லாத புள்ள பேர்ல சட்டை வாங்கி என்னம்மா பண்ணப் போறீங்க? இதுலயுமா ஏமாத்துறது?"

சுகன்யா நோட்டை மூடினாள். அவர் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். ஆறு, அபிநயா. தாயார் பெயர் என்ற இடத்தில், சுகன்யா.

பட்டியலை அவளிடமே நீட்டினார்.

"அத்தை ஏமாத்தல சார்" கவியா அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மனுவுக்குப் பேரெழுத எங்க ட்யூஷன் நோட்டைத்தான் எடுத்தாங்க. அது பழைய நோட்டு. வாய்தவறி அவ பேரையும் கூப்பிட்டுட்டாங்க. அப்புறம் அடுத்த பேருக்குப் போகவே முடியல. பாவமா இருந்துச்சு. நான்தான் உள்ளேன்னு சொல்லிட்டேன்."

"அப்போ, இன்னிக்கும் நீதானா?"

"மொத நாள் மட்டுந்தான் சார் நான். அப்புறம் தினமும் பேர் கூப்பிடுறப்போ, நான் சொல்றதுக்குள்ள அதுவே வந்துடுது."

அறிவரசன் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"எனக்கு வேற வழியில்லம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆளு இருபத்துமூணு. பேரும் இருபத்துமூணுதான் இருக்கணும், சட்டையும் அத்தனைதான் வரும். ஒரு பேரை அடிச்சுக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா மனு திரும்பிடும். அடுத்த வருஷந்தான்."

கோடை லீவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. லீவு விட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

சுகன்யா பேனாவை வாங்கினாள். முனையை ஆறாவது பெயர் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். தாளில் மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

"குடுங்க அத்தை, நான் அடிக்கிறேன்" என்றாள் கவியா.

சுகன்யா கண்ணை மூடிக்கொண்டு பேனாவைக் கொடுத்தாள்.

கவியா ஏழாவது பெயரை, தன் பெயரை அடித்தாள்.