நெல்லிக்காயோடு வந்த கூட்டம்

பரமானந்தத்தின் கால் கட்டைவிரலில் ஒரு சின்ன ரத்தக்குழாய் குடியிருந்தது. பல வருஷச் சர்க்கரை வியாதியில் அதன் சுவரெல்லாம் புண்ணாகி, விரலும் பாதி மரத்துப்போயிருந்தது. "நெல்லிக்காய்ச் சத்து வந்தால் பிழைத்துக்கொள்வாய்" என்று இதயம் சொன்னதை நம்பி, அது சாமியை வேண்டிக்கொண்டே காத்திருந்தது.

ஒருநாள் நெல்லிக்காய்ச் சத்து வந்தேவிட்டது.

"வாங்கக்கா! உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றது குழாய்.

"உன் புண்ணை ஆத்தத்தான் ஓடி வந்தேன் தம்பி. ஆனா, மனசைத் திடப்படுத்திக்கோ."

"ஏனக்கா?"

"என்னைத் தனியாவா அனுப்பினாங்க? பத்து நாள் வெல்லப்பாகில ஊறப்போட்டுல்ல அனுப்பினாங்க! அந்தக் கூட்டம் பின்னாலேயே வருது."

குழாய் வாய் திறக்குமுன் பாகு வந்து மோதியது. மேலே மனைவியிடம் பரமானந்தம் பேசும் குரல் கேட்டது.

"உடம்புக்கு நல்லதாச்சே செண்பகம், இன்னும் ரெண்டு நெல்லிக்காய் வை."