டெய்லருக்கு மட்டும் தெரிந்த இடம்

திண்டுக்கல்லில் இப்போது யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. பிடித்தால் கையில் துப்பாக்கி தட்டுப்படும், இருவருக்குமே சங்கடம். உள்ளங்கை அளவில் எல்லோரிடமும் ஒன்று உண்டு, ஆனால் இருப்பது வெளியே தெரியக்கூடாது. அதற்கு ரகசியப் பை வைத்துத் தைப்பவர் டெய்லர் சவரிமுத்து.

இன்றைய கல்யாணத்தில் இரு வீட்டாருக்கும் அவர்தான் தைத்திருந்தார். சம்பந்திகள் மாலை மாற்றிவிட்டு, வயிற்றை உள்ளிழுத்து, ஒரு முழம் தள்ளி நின்று தோளை மட்டும் தொட்டுக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் நெருங்குங்க சார்," என்று போட்டோகிராபர் கெஞ்சினார்.

"இதுவே போதும்ப்பா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அதே மனிதர், பந்தியில் சவரிமுத்துவைக் கண்டதும் ஓடிவந்து இறுகக் கட்டிக்கொண்டார். யாருக்கு எங்கே பை என்று டெய்லருக்குத் தெரியும். அவர் கை அங்கே போகாது. அவரிடம் துப்பாக்கியும் கிடையாது. பின்னாலேயே பெண்ணின் அப்பா வந்தார், மாமன்மார் வரிசையில் நின்றார்கள். ஒருவர் விடவே இல்லை.

"என்னை ஒரு ஆள் கட்டிப்பிடிச்சு நாலு வருசமாச்சு டெய்லரே," என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்தப் பூரிப்போடு வீட்டுக்கு வந்த சவரிமுத்து, அடுப்படியில் நின்ற மனைவி ஜெசிந்தாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். கை எதிலோ இடித்தது. தடவிப் பார்த்தார். நெருக்கமான தையல், பிசிறில்லாத மடிப்பு. அவர் தைத்ததல்ல.

"யாருகிட்ட தச்ச?" என்றார் கடைசியில்.

ஜெசிந்தா குழம்பைக் கிளறியபடியே சொன்னாள்: "உங்ககிட்ட தச்சா உங்களுக்குத் தெரிஞ்சிருமே."