மணி கட்டிய மான்

“கோவப்படக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்” என்றார் ஓட்மார், பீர்க் குவளையைத் துடைத்தபடி. “முகமூடி போட்டவன் பொய் சொல்லக் கூடாது. கேக்கறவன் கோவப்படக் கூடாது. சிரிச்சுட்டு, அவனுக்கு ஒரு கிளாஸ் ஊத்தணும்.”

“யாருமே கோவப்படக் கூடாதா?” என்று கேட்டாள் இம்கே.

“பாதிரியாரே ஆனாலும் சரி. நாளைக்கு நெத்தியில சாம்பல் பூசிட்டா நாப்பது நாள் நோன்பு. பேசறதை எல்லாம் இன்னைக்கே பேசித் தீத்துடணும்.”

ஃபாஸ்நெட் செவ்வாய், நோன்புக்கு முந்தைய முகமூடித் திருவிழாவின் கடைசி நாள். ஊர்வலம் முடிந்து, மத்தியானமே ஓட்மாரின் விடுதி நிரம்பி வழிந்தது.

இம்கே தெற்கு ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஸ்வாபிய மலையூருக்கு டிசம்பரில் வந்தவள். ஓட்மாரிடமே மாடியறை எடுத்துத் தங்கியிருந்தாள். வடக்கே கடலோரத்துப் பேச்சு அவளுடையது. எங்கிருந்து வந்தாள், ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் தர மாட்டோம் நாங்கள். அதில் எங்களுக்குப் பெருமை வேறு!

அவளோ வலியப் போய் எல்லாரிடமும் பேச்சுக் கொடுத்தாள். கோமாளிச் சங்கத்து ஆண்கள் தங்கள் உடையில் தைக்கிற பித்தளை மணிகளில் ஒன்றை வண்டியின் முகப்பிலும் கட்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். தெருவில் நிற்கிற வண்டிகளின் மணிகளை எல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நாங்களும் முடிவு கட்டிவிட்டோம்.

ஓட்மாரின் மனைவி வால்புர்கா, சுடச்சுடப் பொரித்த பணியாரத் தட்டை அவள் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க இம்கே. நாளையிலிருந்து இதெல்லாம் கிடையாது. ஏன் வாசலையே பாக்கறீங்க?”

“முகமூடி இந்த மேசைக்கு வருமா?”

“வந்தாலும் உங்ககிட்டப் பேசாது. நம்ம ஆளுன்னு நெனச்சாத்தான் கிண்டல் பண்ணுவாங்க.”

“என்கிட்டப் பேச வேணாம், வால்புர்கா. இந்த ஊர் என் முன்னாடி வாயைத் திறந்து பேசினாப் போதும். அதுக்காகத்தான் ஃபாஸ்நெட் வரைக்கும் இருந்தேன்.”

பாவம், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறாள் என்று வால்புர்கா அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள். நல்லவள் வால்புர்கா.

கலகலவென்று மணிச்சத்தம். மர முகமூடியும் வெள்ளை உடையுமாக ஒருவன் உள்ளே வந்தான். கையில், அந்த வருஷம் ஊரார் செய்த அசட்டுத்தனங்களை வரைந்த பெரிய படப் புத்தகம். முகமூடிக்கு முன்னால் எல்லாரும் ‘டா’, ‘டி’தான்.

“ஏண்டி வால்புர்கா!” கீச்சுக்குரலில் ஆரம்பித்தான். “பாதிரியாருக்கு வெச்ச சூப்புல உப்புக்குப் பதிலா சர்க்கரையாமே! பாயசம்னு நெனச்சு இன்னொரு கிண்ணம் கேட்டாராமே!”

வால்புர்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“டேய் ஓட்மார், எங்கடா நழுவறே? உன் படம் இல்லாம இந்த வருஷப் புத்தகமா?”

பக்கத்தைத் திருப்பினான். விளக்கு உடைந்த வெள்ளை வேனுக்குப் பக்கத்தில் ஓட்மார் உட்கார்ந்து அழுகிறார். ஒரு மான் கழுத்தில் மணியோடு, இரண்டு காலில் நின்று சிரிக்கிறது.

“நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு மலைக்கு அந்தாண்ட வாத்துக்கறி விருந்துக்குப் போனியே, எத்தனை கிளாஸ்டா அடிச்சே?”

“ரெண்டு!”

“மான் மேல மோதற அளவுக்கு ரெண்டா? விளக்கும் போச்சு, மணியும் போச்சு! அந்த மான் மணியை மாட்டிக்கிட்டுக் காட்டுல திரியுதாம். வேட்டைக்காரங்க பசுமாடுன்னு நெனச்சுச் சுடாம விட்டுடறாங்களாம்! நம்ம ஊர்ல மெக்கானிக் இல்லையா? ஊர் தாண்டி ஊர் போய் விளக்கு மாட்டினியே, மான் கேஸ் போடும்னு பயமா?”

விடுதியே அதிர்ந்தது. நாங்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். ஓட்மாரின் முகம் ஒரு நிமிடம் செத்துப்போனது. ஆனால் சட்டம் சட்டம்தானே? எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து, முகமூடிக்குப் பேரிக்காய்ச் சாராயம் ஊற்றினார்.

“எந்த இடத்துல, ஓட்மார்?” என்று கேட்டாள் இம்கே.

“அதுவா... கணவாய் தாண்டி, மில் பாலத்துகிட்ட.”

“இறங்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். ஒண்ணும் ஆகலை. எழுந்து ஓடிடுச்சு.”

முகமூடிக்கு ஒரே சந்தோஷம். “அடியே வடக்கத்திக்காரி! மானுக்காக இவ்வளவு கவலைப்படறியா? இன்னையிலிருந்து நீயும் நம்ம ஊர்க்காரிதாண்டி!”

எல்லாரும் கைதட்டினோம். அந்த அளவுக்கு எங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இம்கே கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து, மேசைமேல் வைத்து விரல்களை விரித்தாள். சின்னப் பித்தளை மணி. எங்கள் சங்கத்து முத்திரை. அறுந்த கயிறு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எழுந்து ஓடலை, ஓட்மார். விடியற வரைக்கும் அங்கேயே கிடந்தான்” என்றாள், சட்டப்படி, கோபமே இல்லாத குரலில். “கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் எங்க வீடு. பன்னெண்டு வயசு. ஆஸ்பத்திரியில என் பையனோட விரலைப் பிரிச்சுத்தான் இதை எடுத்துக் குடுத்தாங்க.”