கதைக்காரனின் மரக்கட்டை

கதைக்காரன் ஷுவே கதை சொல்ல வந்தபிறகுதான் எங்கள் தேநீர் விடுதி நிரம்புகிறது. கதை திரும்பும் இடத்தில் அவன் ஒரு சின்ன மரக்கட்டையால் மேசையை அறைவான். உடனே கல்லாவருகே நிற்கும் என் மனைவி யுன்சியூவின் முகம் மலரும். எனக்கு வயிறு எரியும்.

இன்று அவன் வருவதற்கு முன்பே மேசையில் அவன் விட்டுப்போகும் அந்தக் கட்டையைத் திருடினேன். வெறுங்கையோடு உளறட்டும்.

சமையலறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பூனைபோலப் போய் மாவுப் பலகையில் கட்டையால் ஓங்கி அறைந்தேன். சட்டென்று திரும்பினாள். அதே முகம். முதன்முதலாக என் பக்கம்.

“நீங்களா?”

முகம் அணைந்தது. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் கட்டையை வாங்கினாள்.

“இது இல்லாம அவரு தவிச்சுப்போயிடுவாரே” என்றாள்.