விற்பனைக்கு ஒரு பழைய கார்

போனில் சொன்னதைவிட இரண்டு மடங்கு விலை சொன்னாள் அந்த அம்மா. பல் டாக்டருக்குச் சுருக்கென்றது.

இரண்டே சீட், மேல்மூடி இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பத்து வயதில் காலண்டரில் பார்த்தது; நாற்பது வருஷ ஏக்கம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் ஓடி வந்திருந்தார்.

ஆனாலும் ஏமாறுகிற ஆள் இல்லை. துணி சுற்றிய காந்தத்தோடுதான் வந்தார். துருவுக்கு மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. சொத்தையை அடைத்து மறைக்கும் வித்தை பல் டாக்டருக்குத் தெரியாததா?

கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, எங்கே வைத்தாலும் கப்பென்று ஒட்டியது. கால்விரிப்பைத் தூக்கித் தட்டினால் தகரம் கணீரென்றது. முன்பே சூடேற்றி வைத்திருக்கிறார்களா என்று இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஒரே திருகில் உறுமியது. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னாள் அந்த அம்மா. மிதித்தார். இறங்கவே மனசு வரவில்லை.

இறங்கியதும்தான் இந்த விலை.

"ஆசையா வந்தவன்கிட்ட இப்படிப் பண்றீங்களே, நல்லாருக்காம்மா?" என்றார். ஆசை வெட்கம் அறியாது. "சரி, அதையே தர்றேன்."

அவள் முகம் வெளிறிவிட்டது.

"இதுவரைக்கும் யாரும் சரின்னு சொன்னதில்ல தம்பி" என்றவள், அவரை உள்ளே கூட்டிப்போனாள்.

கார் நின்ற ஷெட்டை ஒட்டிய அறை. கட்டிலில் அவள் கணவர். வாதத்தில் கை காலும் பேச்சும் போய்விட்டன. முகம் மட்டும் ஷெட் பக்கம் திரும்பியிருந்தது. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

"அந்தச் சத்தத்துக்குத்தான் இவரு திரும்புவாரு. எனக்கு ஓட்டத் தெரியாது. சும்மா வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுங்கன்னு எத்தனையோ பேர கூப்பிட்டேன், எல்லாருக்கும் வேலை இருந்துச்சு. விக்கிறேன்னு விளம்பரம் குடுத்தேன், ஓடி வர்றாங்க. விலைய ஏத்துனா போயிடுறாங்க. தப்புதான் தம்பி. நீங்க ஒத்துக்கிட்டீங்க, எடுத்துட்டுப் போங்க."

டாக்டர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சாவியை அவளிடமே நீட்டினார்.

"பிரேக் இன்னும் பாக்கலம்மா. அதப் பாக்காம யாராவது கார் வாங்குவாங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."