சிவப்புத் தொப்பி போட்ட கல்

கடப்பாறையோடு மூர்த்தி போய் நின்றபோது, கல் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தது. கழுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில் ஒரு சிவப்புத் துணி. எதிரே, பனியில் நனைந்த மண்ணில், ஒரு பால் சங்கு.

பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னச் சங்கு. விளிம்பு லேசாக உடைந்திருந்தது. நேற்று விடியற்காலையிலும் அது பாலோடு அங்கே இருந்ததாம், வெயில் ஏறியதும் காணாமல் போனதாம். மூர்த்தி அதில் கால் படாமல் தள்ளி நின்றான்.

"பாத்தியாப்பா? இது சாதாரண வேலையில்ல," என்றார் வெங்கடசாமி, நாலடி தள்ளி நின்றபடி. மாநில எல்லையோரம், ஜூஜுவாடிப் பக்கம் ராகிக் காட்டைப் பிரித்துப் போட்ட அந்தப் புது லேஅவுட்டின் சங்கத் தலைவர் அவர். "எம் மருமக மாசமா இருக்கா. ஜன்னலத் தொறந்தா இந்தக் கல்லு மூஞ்சியிலதான் முழிக்கிறா. புள்ள அழற சத்தம் கேக்குதுங்கறா. உங்க வீட்டம்மா பண்ண வேலை, நீயே பிடுங்கிப் போட்டுரு."

"நான் வண்டி ஓட்டறவனுங்க."

"பின்ன, நானா தொடுவேன்?"

வீட்டம்மா என்று அவர் சொன்னது ஹருமியை. ஃபேக்டரிக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் ஒக்காடாவின் மனைவி. மூர்த்தி ஒக்காடாவின் கார் டிரைவர். கணவரோடு இருக்கலாமென்று ஆடி மாதம் வந்து இறங்கினாள். தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது, கன்னடம் தெரியாது. இங்கிலீஷும் 'தேங்க்யூ'வோடு சரி. மூன்று பாஷை பேசும் தெருவில், ஒரு பாஷையும் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

துணையென்று இருந்தவள் வீட்டு வேலைக்கு வரும் ருக்மணிதான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பேச்சில்லாமல் அவரைக்காய் உரிப்பார்கள். ஹருமி டீ போட்டால் முதல் டம்ளர் ருக்மணிக்கு.

பூங்காவுக்கென்று விட்டிருந்த மூலையில் இந்தக் கல்லை ஹருமி பார்த்தது கார்த்திகையில். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து கைகூப்பி நிற்பாள். அன்றிலிருந்துதான் அவள் ராத்திரியில் தூங்குகிறாள் என்று ஒக்காடா காரில் ஒருநாள் சொல்லியிருந்தார். இதைப் பிடுங்கினால் அந்தத் தூக்கமும் போய்விடுமே என்று மூர்த்திக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஒக்காடா வீட்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ருக்மணி விளக்குமாறோடு அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அந்தக் கல்லு யாரை என்னாங்க பண்ணுச்சு? காடா இருந்தப்ப நான் இங்க களையெடுத்தவங்க. அப்பலருந்து கெடக்குது."

"நீ அவங்க டீயக் குடிக்கிறவ. வேற எப்படிப் பேசுவ?" என்றார் வெங்கடசாமி. "போடுப்பா மூர்த்தி!"

மூர்த்தி சாமியை வேண்டிக்கொண்டு கடப்பாறையை ஓங்கினான். மண்ணில் அது இறங்கிய சத்தம் கேட்டதுதான் தாமதம், ஹருமி வெறுங்காலோடு ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு சொல்லும் யாருக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஒக்காடாவும் வீட்டில் இருந்தார். பின்னாலேயே வந்து, உடைந்த இங்கிலீஷில் கையையும் ஆட்டிச் சொன்னார். மூர்த்தி அதைத் தமிழில் சொன்னான்.

"போன வருசம் இவங்களுக்கு ஒரு கொழந்தைங்க. உசுரோட பொறக்கலையாம். அந்த மாதிரிப் போன கொழந்தைங்களக் காக்கறதுக்கு அவங்க நாட்டுல ஒரு கல்லுச் சாமி உண்டாம். கொழந்தைக்குக் குளிரக் கூடாதுன்னு அந்தச் சாமிக்குத் தொப்பி போட்டு, துணி கட்டுவாங்களாம். இந்தக் கல்லு அந்தச் சாமி மாதிரியே இருக்குதாம்."

வெங்கடசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அய்யோ தேவுடா. இது தெரியாமப் போச்சே!" துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். பிறகு சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். கல்ல அவங்க வீட்டு வாசல்லயே நட்டுக் குடுத்துருவோம். நானும் ஒரு கை பிடிக்கறேன். பக்கத்துல ஒரு செம்பருத்தி வெச்சா, அந்தம்மாவுக்கும் நல்லாருக்கும், எம் மருமகளும் பயப்பட மாட்டா."

ஒக்காடா அதை மனைவியிடம் சொன்னார். ஹருமி எழுந்து, இடுப்பு வரை குனிந்து வெங்கடசாமியை வணங்கினாள். அவரும் எப்படிக் குனிவதென்று தெரியாமல் குனிந்தார். மனுசங்க நல்லவங்கதான், எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருக்கு என்று நினைத்தபோது மூர்த்தியின் கை லேசாகிவிட்டது.

"இதையும் பத்திரமா வெச்சுக்கங்கம்மா," என்று சங்கை எடுத்து ஹருமியிடம் நீட்டினான்.

ஹருமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன பொருளென்றே அவளுக்குத் தெரியவில்லை. தன்னுடையது இல்லை என்று தலையசைத்து அவனிடமே கொடுத்துவிட்டாள்.

கல்லைப் பிடிக்கக் குனிந்த வெங்கடசாமியின் கை அந்தரத்தில் நின்றது. தொப்பி வைத்தவள் இவள். அப்படியானால் பால் வைத்தது யார்? மூர்த்தி சங்கை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தான்.

பின்னால் விளக்குமாறு விழும் சத்தம் கேட்டது.

ருக்மணி வந்தாள். மூர்த்தியின் கையிலிருந்து சங்கை வாங்கி, முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்ல அசைக்காதீங்கய்யா... நாய் தோண்டிரக் கூடாதுன்னு எம் புள்ள மேல நான் வெச்ச கல்லுங்க அது."