பின்சீட்டில் ஹால்வர்

“லைசென்ஸ் இல்லாம பனி ஸ்கூட்டரை ஓட்ட விட முடியாதுங்க. வேணும்னா பின்னாடி உக்காந்து வாங்க” என்றான் வழிகாட்டி யோஸ்டைன்.

ஹால்வர் பாக்கெட்டுகளை இன்னொரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். “வீட்டுலயே விட்டுட்டேன் போல. பரவாயில்ல, என் பொண்டாட்டி ஓட்டுவா.”

டோர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து காரில் அவளைப் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்த மனுஷன் இவர். ஆயுசெல்லாம் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வடதுருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஸ்வால்பார்ட் தீவுக்கு வந்து பனி ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கணும் என்று சொல்லிச் சொல்லியே அவள் உயிரை எடுத்தவர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறார்.

“உன் லைசென்ஸை எடுத்து வச்சியா, எடுத்து வச்சியான்னு என்னைத் துளைச்சு எடுத்தியே. உன்னோடதை எடுத்து வைக்கத் தெரியலையா?”

“வயசாயிடுச்சில்ல டோர்டிஸ்.”

அவள் தன்னுடைய இளஞ்சிவப்பு லைசென்ஸ் அட்டையை நீட்டினாள். யோஸ்டைன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

சுற்றுலாக் குழுவில் எல்லாரும் தடித்த உடையும் ஹெல்மெட்டும் மாட்டிய பிறகு யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை. யோஸ்டைன் முதுகில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு விதிகளைச் சொன்னான். “கட்டை விரலால இதை அழுத்துனா போகும், விட்டா நிக்கும். என் தடத்துலயே வாங்க. எறங்கினா என்னை விட்டுத் தள்ளிப் போகாதீங்க. கரடி நம்மகிட்ட சொல்லிட்டு வராது.”

எல்லாரும் சிரித்தார்கள். டோர்டிஸ் சிரிக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. பனி மேடு பள்ளமாக இறுகிக் கிடந்தது, ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தூக்கிப் போட்டது. அவளுக்குக் கட்டை விரல் மரத்துப்போய் தோள் கழன்று விழும்போல வலித்தது. பின்னால் ஹால்வர் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு சரிவில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, விழாமல் தப்பியது. அவர் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவளுக்கு வேண்டியது தட்டிக் கொடுக்கிற ஆள் இல்லை, இறங்கி வண்டியை வாங்கி ஓட்டுகிற ஆள்.

பள்ளத்தாக்கின் நடுவில் யோஸ்டைன் கையை உயர்த்தினான். வரிசை நின்றது. பக்கத்துச் சரிவில் இரண்டு கலைமான்கள் பனியைக் குளம்பால் கிளறிப் பாசி தேடிக்கொண்டிருந்தன. ஆளாளுக்குக் கேமராவை எடுத்தார்கள்.

“பாத்தியா?” என்றாள் டோர்டிஸ், வேண்டாவெறுப்பாக.

“அடேயப்பா, எவ்வளவு பெரிய கூட்டம்” என்றார் ஹால்வர்.

இரண்டு மான் நின்றால் அதற்குப் பெயர் கூட்டமாம். ஒழுங்காக வேடிக்கை பார்க்கக்கூட மெனக்கெடாத இந்த மனுஷனுக்காகவா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறோம் என்று அவளுக்கு அழுகையே வந்தது. நேரே யோஸ்டைனிடம் போனாள்.

“என்னால முடியலப்பா. திரும்பிடலாம்.”

“ஒருத்தர் திரும்பினா எல்லாருமே திரும்பணும். தனியா உங்களை அனுப்ப முடியாது” என்றான் அவன். எல்லா ஹெல்மெட்டுகளும் அவள் பக்கம் திரும்பின.

ஹால்வர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பனியாறு வரைக்கும் போயிடலாம் டோர்டிஸ். அதுக்கு மேல உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.”

கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷன். அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

உறைந்த கடலின் ஓரத்தில் பனியாறு நீலச் சுவராக நின்றது. ஹால்வர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். யோஸ்டைன் உலர்ந்த சாப்பாட்டுப் பொட்டலங்களில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான். கோப்பைகளில் சூடான கருந்திராட்சைச் சாற்றிலிருந்து ஆவி பறந்தது.

“சாக்லேட் என் முதுகுப் பையில இருக்கு. எடுத்துக்கோ” என்றார் ஹால்வர், திரும்பாமலே.

அவள் பையில் கையை விட்டாள். சாக்லேட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு இளஞ்சிவப்பு அட்டையும் வந்தது. அதில் ஹால்வர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குத் தலைக்கு ஏறியது.

“உன் லைசென்ஸ் பையிலதான் இருக்கு. இதை வச்சுக்கிட்டே என்னைச் சாகடிச்சியா? நான் பயந்து சாகறதைப் பின்னாடி உக்காந்து ரசிச்சியா?”

அவர் திரும்பினார்.

“ஊருக்குப் போனதும் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீ உன் லைசென்ஸோட குடித்தனம் பண்ணு.”

அட்டையை அவர் மேல் விட்டெறிந்தாள். அது அவர் நெஞ்சில் பட்டு, பூட்ஸுக்கு முன்னால் வெள்ளைப் பனியில் மல்லாக்க விழுந்தது.

ஹால்வர் கையுறையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். அவருடைய வெறுங்கை பனியைத் தடவிக்கொண்டு போனது. அட்டைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, அந்தப் பக்கமும் தடவியது. டோர்டிஸ் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தலையை நிமிர்த்தி, அவள் குரல் வந்த திசையைப் பார்த்துச் சொன்னார்.

“நீயே எடுத்துக் குடு டோர்டிஸ், எனக்குக் கண்ணு தெரியல.”